பாதாமின் கீழே பீச் வேர்

இனிப்புப் பாதாம் கொட்டையை ஊன்றினால் முளைக்கும். ஆனால் வளர்ந்து வரும் மரம் தாயைப் போலவே காய்க்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பெரும்பாலான பாதாம் ரகங்கள் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. பக்கத்தில் நிற்கும் வேறொரு ரகத்தின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து சேர்த்தால்தான் காய் பிடிக்கும். ஆகவே ஒவ்வொரு கொட்டையும் ஒரு புதுக் கலவை. அந்தக் கலவைக்குள் ஓர் அபாயமும் ஒளிந்திருக்கிறது. பாதாமின் இனிப்பையும் கசப்பையும் ஒரே ஒரு மரபணு தீர்மானிக்கிறது. கசப்பு ஒடுங்கு பண்பு. தான் இனிப்பாகக் காய்த்தபடியே கசப்பை உள்ளே சுமக்கும் மரங்கள் இரண்டு சேர்ந்தால், அவற்றின் பிள்ளைகளில் சராசரியாக நாலில் ஒன்று கசப்பு மரமாகும். கசப்புப் பருப்பை மெல்லும்போது அதிலுள்ள அமிக்டலின் உடைந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படும். ஒரு கைப்பிடி தின்றால் சிறு குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

நல்ல மரத்தின் குச்சியை வெட்டி நடலாம் என்றால், பாதாம் குச்சி லேசில் வேர் பிடிக்காது. யூத மறைநூலான தோராவில், எண்ணாகமம் 17ஆம் அதிகாரத்தில் ஆரோனின் கோல் ஒரே இரவில் துளிர்த்து, பூத்து, பாதாம் காய்த்ததாக வரும் நிகழ்ச்சியின் வலிமை, இந்த இயல்பை அறிந்தவர்களுக்கு இன்னும் ஆழமாகப் புரியும். வேரை விட்டு வெட்டிய பாதாம் குச்சி காய்ந்து விறகாவதே வழக்கம். அது உயிரோடு இருக்க வேண்டுமானால் வேறொன்றின் வேர் வேண்டும். அந்த வேரைத் தருவது வேர்ச்செடி. அதன்மேல் பொருத்தப்படுவது ஒட்டுக்குச்சி அல்லது ஒரே ஒரு மொட்டு. உலகத்துப் பாதாம் தோப்புகள் பெரும்பாலும் இப்படி இரண்டு உயிர்களைப் பொருத்தி எழுப்பியவைதான்.

இப்படி எழுந்த மரம் எந்த இனம்? அதன் வயதை எங்கிருந்து எண்ணுவது? அதன் பழம் யாருடையது, வேருடையதா கிளையுடையதா? தத்துவ நூல்களில் இவை வேறு வடிவங்களில் கேட்கப்பட்ட கேள்விகள். யூத சமயச் சட்டத்தில் மட்டும் இவற்றுக்கு விடை சொல்லியே தீர வேண்டிய கட்டாயம் இரண்டாயிரம் ஆண்டுகளாக இருந்துவருகிறது. அந்தச் சட்டத்தைக் கைக்கொள்ளும் குடியானவர் நாற்றங்காலுக்குப் போய்க் கன்று வாங்கும் போதே, மண்ணுக்குள் இருக்கும் வேர் என்ன இனம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வேறு வேறு இன மரங்களை ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது என்பது அந்தச் சட்டத்தின் தடை. அதன் மூலம் தோராவின் லேவியராகமம் 19:19. வேறு வேறு இன மிருகங்களை இணைசேர்க்காதே, வயலில் இரு வகை விதையைக் கலந்து விதைக்காதே, இரு வகை நூல் கலந்த ஆடையை உடுத்தாதே என்பன அந்த வசனத்தின் மூன்று கட்டளைகள். மரம் அதில் பெயர் சொல்லி வரவில்லை. மிருகத்தையும் வயலையும் ஒரே வசனம் அடுத்தடுத்துப் பேசுவதைப் பற்றிக்கொண்டு, மிருகத்தில் உடலோடு உடல் சேர்ப்பது எப்படித் தடையோ அப்படியே நிலத்தில் ஒட்டுக்கட்டுவதும் தடை என்று யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதின் அறிஞர்கள் பொருள் கண்டார்கள். இரண்டு இன விதைகளை ஒரே பாத்தியில் கலந்து விதைப்பது இஸ்ரேல் மண்ணில் மட்டுமே குற்றம். இரண்டு இன மரங்களை ஒட்டுவதோ எந்த நாட்டிலும் குற்றம். கலப்புத் தடைகள் அனைத்துக்கும் கிலாயிம் என்று பெயர். ஏறக்குறைய பொது ஆண்டு 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில் அதே பெயரில் ஒரு தனிப் பகுதியே உண்டு.

அந்தப் பகுதியின் முதல் அதிகாரத்தில் மரங்களின் ஜோடிகள் வரிசையாக வருகின்றன. சில ஜோடிகள் பெயரில் வேறானாலும் ஓரினமே, ஒட்டலாம். வேறு சில, ஒன்றையொன்று ஒத்திருந்தாலும் இரண்டு இனங்களே, ஒட்டக் கூடாது. இந்த இரண்டாம் வரிசையில்தான் பீச்சும் பாதாமும் ஜோடியாக நிற்கின்றன.

இந்த ஜோடியைத் தேர்ந்தவர்களின் கண் கூர்மையானது. இலையுதிர்ந்த பனிக்காலத்திலோ வசந்தத்தில் இலைவிட்ட புதிதிலோ பீச் மரத்தையும் பாதாம் மரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் பழக்கமில்லாதவர் பிரித்துச் சொல்லத் திணறுவார். நீண்டு ஒடுங்கிய, ஓரத்தில் நுண்பற்கள் கொண்ட இலை இரண்டுக்கும் ஒன்றுபோல. பிஞ்சு இரண்டுக்கும் பச்சை. இரண்டின் மேலும் பூனைமயிர் போன்ற மென்தூவி. கோடை ஏறும்போதுதான் வழி பிரிகிறது. பீச்சின் சதை ஊறிப் பருத்துச் சாறு கட்டுகிறது. பாதாமின் சதை வளர்ச்சி நின்று, தோலாய் உலர்ந்து, ஒரு பக்கம் வெடித்து, உள்ளே இருக்கும் கொட்டையைக் காட்டுகிறது. ஒன்றில் சதையைத் தின்று கொட்டையை எறிகிறோம். மற்றதில் சதையை உரித்தெறிந்து கொட்டையை உடைக்கிறோம். தாவரவியல் இரண்டையும் புரூனஸ் பேரினத்தில் நெருங்கிய உறவுகளாக வைக்கிறது. இரண்டுக்கும் குரோமோசோம் 16. இரண்டும் தமக்குள் கலந்து கருக்கட்டவும் செய்யும். ஒத்திருந்தும் வேறு என்று மிஷ்னா சொன்னது இந்த உறவுக்கு அளந்து தைத்தாற்போல் பொருந்துகிறது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பாதாமுக்கு இன்று உலகில் பேரளவில் பயன்படும் வேர்களில் ஒன்று பீச் வேர்.

வேர்ச்செடியைத் தேர்வது முதலில் மண்ணைப் பார்த்துத்தான். மத்திய தரைக்கடல் ஓரத்து மானாவாரி நிலங்களில் பழங்காலந்தொட்டுப் பயன்பட்டது கசப்புப் பாதாம் நாற்று. அதன் ஆணிவேர் ஆழமாக இறங்கும், வறட்சியைத் தாங்கும், சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் இலை மஞ்சளாகாமல் நிற்கும். தண்ணீர் தேங்கும் இடத்தில் மட்டும் அதை நம்ப முடியாது. ஃபைட்டாஃப்தோரா போன்ற பூஞ்சையொத்த நுண்ணுயிர்கள் வேரையும் அடித்தண்டையும் அழுகவைத்துவிடும். பாசனம் உள்ள மணற்பாங்கான நிலத்தில் நிலைமை தலைகீழ். அங்கே பீச் நாற்று விரைந்து வளர்ந்து, ஒட்டுக்குச் சீக்கிரம் தயாராகி, மரத்தைச் சீக்கிரம் காய்ப்புக்குக் கொண்டுவரும். வேர்முடிச்சு நூற்புழுவைத் தாங்கும் பீச் வேர் வகை ஒன்றை அமெரிக்க வேளாண் துறை 1959இல் நெமாகார்டு என்ற பெயரில் வெளியிட்டது. உலகப் பாதாமில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கை விளைவிக்கும் கலிஃபோர்னியாவில் மிகப் பரவலாகப் பயன்பட்ட வேர் அதுதான். ஆனால் சுண்ணாம்பு மண்ணில் பீச் வேர் இரும்புச்சத்தை உறிஞ்சத் தடுமாறும். மேலே உள்ள பாதாம் வெளிறிவிடும்.

இரண்டின் நன்மையும் ஒரே வேரில் வேண்டும் என்ற தேடலில் பீச்சும் பாதாமும் கலந்த கலப்பின வேர்கள் வந்தன. பிரான்ஸில் போர்தோவுக்கு அருகே உள்ள கிராண்ட் ஃபெராட் ஆராய்ச்சி நிலையத்தின் முதலெழுத்துகளைத் தாங்கிய ஜி.எஃப். 677 அவற்றில் பெயர்பெற்றது. அது இயற்கையாக நேர்ந்த கலப்பிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. சுண்ணாம்பைத் தாங்கும், வறட்சியைத் தாங்கும், மரத்தை வீரியமாக எழுப்பும். நூற்புழுவுக்கு மட்டும் தோற்றுப்போகும். அந்தக் குறையைத் தீர்க்க ஸ்பெயினின் சரகோசாவில் கார்ஃபி என்ற பாதாமையும் நெமரெட் என்ற சிவப்பிலை பீச்சையும் கலந்து கார்னெம், ஃபெலினெம், மொனெக்ரோ என்ற வேர்களை உருவாக்கினார்கள். அவற்றின் இலை சிவப்பு. ஒட்டுக்குக் கீழே வேரிலிருந்து ஒரு பக்கக்கன்று கிளம்பினால், மேலே பச்சைப் பாதாம் இலை அசையும்போது கீழே செந்நிறத் தளிர் தலைகாட்டும். மேலே நிற்பது வேறு, கீழே கிடப்பது வேறு என்பதை அந்தத் தளிர் அளவுக்கு வெளிப்படையாகச் சொல்வது தோப்பில் வேறொன்றும் இல்லை. தோட்டக்காரர் அதைக் கண்டவுடன் அடியோடு கிள்ளிவிடுகிறார்; விட்டுவைத்தால் அது மேலே உள்ளதைப் பட்டினி போட்டுவிடும்.

பெருக்கும் முறையும் இனக் கேள்வியோடு பின்னிக்கிடக்கிறது. கசப்புப் பாதாமையோ பீச்சையோ கொட்டையிலிருந்து வளர்க்க, அதை ஈரமணலில் கலந்து குளிரில் வைத்திருந்து உறக்கத்தைக் கலைக்க வேண்டும். பாதாமுக்குச் சில வாரங்கள் போதும்; பீச்சுக்குச் சுமார் மூன்று மாதம் ஆகும். முளைத்த நாற்றுகள் ஒன்றுபோல் இருக்க மாட்டா, ஏனென்றால் ஒவ்வொன்றும் தனிக் கலவை. பீச்சும் பாதாமும் அருகருகே பூக்கும் இடத்தில் பொறுக்கிய கொட்டைகளுக்குள், தேனீ வழியாக நேர்ந்த கலப்பினம் கலந்துவிடவும் கூடும். பாதாம் வேர் என்று நம்பி வாங்கிய நாற்றில் பாதி பீச்சாக ஒன்று நிற்கலாம். வழக்கமான விவசாயிக்கு அது நாற்றின் சீரின்மை, அவ்வளவுதான். கிலாயிம் பார்ப்பவருக்கு அது இனத்தைப் பற்றிய ஐயம். ஆகவே கொட்டை எந்தத் தாய்மரத்திலிருந்து, எந்தச் சூழலிலிருந்து வந்தது என்பது அவருக்கு இரட்டிப்பு முக்கியம். கலப்பின வேர்களை விதையால் பெருக்க முடியாது. விதைத்தால் அடுத்த தலைமுறையில் குணங்கள் சிதறிவிடும். இண்டோல் பியூட்ரிக் அமிலத்தில் தோய்த்த முற்றிய குச்சிகளாலும், அதைவிடப் பெரும்பாலும் திசு வளர்ப்புக் குப்பிகளிலும் அவை பெருக்கப்படுகின்றன. அங்கே ஒவ்வொரு கன்றும் ஒரே செடியின் படி.

கன்று பென்சில் பருமன் வந்ததும் கண்ணொட்டு. பட்டை எளிதில் கழலும் பருவத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஆங்கில ‘டி’ வடிவில் பட்டையைக் கீறி, இரு இதழ்களாகத் திறந்து, தேர்ந்த ரகத்தின் ஒரு மொட்டைக் கேடயம்போல் சீவி எடுத்து உள்ளே செருகிக் கட்டுவார்கள். மொட்டின் அடியில் இருந்த இலையை வெட்டினாலும் காம்பைக் கொஞ்சம் விட்டுவைப்பது வழக்கம். இரண்டு மூன்று வாரம் கழித்து அந்தக் காம்பை விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். தொட்டவுடன் பழுத்த இலைபோல் உதிர்ந்தால் ஒட்டுப் பிடித்துவிட்டது. சுருங்கிக் கறுத்து ஒட்டிக்கொண்டே இருந்தால் மொட்டு செத்துவிட்டது. உயிருள்ள கிளைதான் தன் பழைய காம்பைத் தானே உதிர்க்கும். பிடித்த பிறகு, மொட்டுக்கு மேலே உள்ள வேர்ச்செடியின் தலையை வெட்டிவிடுவார்கள். அன்றிலிருந்து அந்த வேர் தன்னுடையதல்லாத இலைகளுக்காக உழைக்கத் தொடங்குகிறது.

மிஷ்னா பீச்சைப் பாதாமிலிருந்து பிரித்து வைத்திருப்பதால், நெமாகார்டு போன்ற பீச் வேரில் பாதாம் ஒட்டுவது வெளிப்படையான கிலாயிம். கசப்புப் பாதாமின்மேல் இனிப்புப் பாதாம் அப்படி அல்ல. தல்மூது கசப்புப் பாதாம், இனிப்புப் பாதாம் என்று அடைமொழியால் பிரித்துப் பேசினாலும் இரண்டையும் பாதாம் என்றே அழைக்கிறது. அதனால் பழைய மானாவாரி வேர் சட்டத்துக்கும் உகந்த வேராக அமைந்தது. இதில் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்விக்கும் விடை இருக்கிறது: கசப்பு வேரின் விஷம் மேலே ஏறிப் பருப்பைக் கெடுக்காதா? கெடுக்காது. பருப்பின் இனிப்பும் கசப்பும் காய்த்த கிளையின் மரபணுவைப் பொறுத்தவை. கசப்பு வேரில் நின்று நூறு ஆண்டு காய்த்தாலும் இனிப்புக் கிளை இனிப்பாகவே காய்க்கும்.

கடினமான கேள்வி நடுவில் நிற்கும் ஜி.எஃப். 677. அது பாதி பீச், பாதி பாதாம். அதன்மேல் பாதாமை ஒட்டினால் ஓரினமா, ஈரினமா? வாதத்துக்கு மூன்று வழிகள் திறக்கின்றன. கலப்பினம் தானே ஒரு மூன்றாம் இனம் ஆகிவிட்டது, ஆகவே அதனோடு எதையும் சேர்ப்பது தடை என்பது ஒன்று. அதற்குள் பாதாம் இருப்பதால் தடை முழு வலிமையோடு விழாது, ஐயமாக மட்டும் நிற்கிறது என்பது இரண்டு. பெற்றோரை விட்டு, இலையின் தோற்றத்தையும் பழத்தின் ருசியையும் கொண்டு இனத்தை முடிவு செய்ய வேண்டும் என்பது மூன்று. கிலாயிம் சட்டத்தில் இந்த அளவுகோலுக்கும் பழைய ஆதாரம் உண்டு. கோவேறு கழுதையைப் பற்றிய மிஷ்னா விதி இங்கே துணைக்கு வருகிறது. தாய் குதிரையான கோவேறு கழுதைகளைத் தமக்குள் சேர்க்கலாம், தாய் கழுதையானவற்றையும் தமக்குள் சேர்க்கலாம், ஒரு வகையை மறுவகையோடு சேர்க்கக் கூடாது என்கிறது அந்த விதி. கலப்புப் பிறவியின் இனத்தைத் தீர்மானிக்கும்போது பெற்றோரில் யார் தாய் என்பது வரைக்கும் அந்தச் சட்டம் எட்டிப் பார்த்திருக்கிறது என்பதே இதன் முக்கியம். இன்று இஸ்ரேலில் எந்த வேரில் எந்த மரத்தை ஒட்டலாம் என்று யூத மதகுருக்களான ரபிகள் பட்டியல்களே தயாரித்துத் தருகிறார்கள். தீர்ப்புகள் ஒருமிக்காத இடத்தில், கண்டிப்பு பார்ப்பவர்கள் ஐயத்துக்கு இடமில்லாத பாதாம் வேருக்கே திரும்புகிறார்கள்.

தடைக்குக் காரணம் என்ன என்பதில் இடைக்காலத்தின் இரண்டு பேரறிஞர்கள் எதிரெதிர்த் திசையில் போனார்கள். மைமோனிடிஸ் (1138–1204) தம் ‘கலங்கியோருக்கு வழிகாட்டி’யின் மூன்றாம் பாகத்தில், பழைய விக்கிரக வழிபாட்டினர் மரம் ஒட்டும்போது ஒழுக்கக்கேடான சடங்குகளைச் செய்தார்கள், அந்தச் சடங்கோடு ஒட்டே தடைசெய்யப்பட்டது என்று வரலாற்றுக் காரணம் சொன்னார். நக்மனிடிஸ் (1194–1270) லேவியராகம உரையில் படைப்பையே காரணமாக்கினார். கடவுள் ஒவ்வொரு இனத்துக்கும் தன்னைப்போல் பெருகும் ஆற்றலை நிலையாகக் கொடுத்திருக்கிறார். இரண்டைக் கலப்பவன் அந்தப் படைப்பு முற்றுப்பெறவில்லை என்று சொல்பவன் ஆகிறான். மலட்டுக் கோவேறு கழுதை அவருடைய சான்று.

நக்மனிடிஸின் காரணம் உள்ளத்தைத் தொடுவது. ஆனால் ஒட்டு மரத்துக்கு அது பொருந்தவில்லை என்றே சொல்ல வேண்டும். ஒட்டில் புது இனம் எதுவும் பிறப்பதில்லை. பீச் வேர் பீச்சாகவே இருக்கிறது. அதன் செல்களில் பாதாம் புகுவதில்லை. பாதாம் கிளை பாதாமாகவே காய்த்து, பாதாம் மகரந்தத்தையே உதிர்க்கிறது. உண்மையில் இனங்களைக் கலந்தது ஜி.எஃப். 677இன் மூதாதையைப் பெற்றெடுத்த மகரந்தச் சேர்க்கை; அது மனிதன் கத்தி படாமல் நேர்ந்தது. எதைக் கலப்பு என்று நக்மனிடிஸ் அஞ்சினாரோ அது பூவுக்குள் நடக்கிறது. தோரா தடுத்ததோ தண்டில் நடக்கிறது. இந்த இடைவெளியைக் குறையாகப் பார்க்கத் தேவையில்லை. சட்டம் காப்பது இனத்தின் தூய்மையை என்று எண்ணினால்தான் இடைவெளி. அது பேசுவது இரண்டு உயிர்களை ஓர் உடலாக வாழவைக்கும் மனிதச் செயலைப் பற்றி என்று கொண்டால், சட்டத்தின் எல்லா விவரங்களும் தம் தம் இடத்தில் வந்து அமர்கின்றன.

அதற்குச் சிறந்த சாட்சி ஓர்லா விதி. லேவியராகமம் 19:23–24இன்படி, நட்ட மரத்தின் முதல் மூன்று ஆண்டுப் பழத்தை உண்ணக் கூடாது. நாலாம் ஆண்டுப் பழம் புனிதமானது. ஒட்டு மரத்துக்கு ஆண்டை எங்கிருந்து எண்ணுவது? தல்மூதின் சோட்டா பகுதியில் ரபி அபாகுவின் பெயரால் வரும் தீர்ப்பு: இளங்கொம்பை முதிய மரத்தில் ஒட்டினால் இளையது முதியதில் அடங்கிவிடுகிறது, அதற்குத் தனியே ஓர்லா இல்லை. அதாவது வயதைக் கேட்டால் வேரைப் பார்க்க வேண்டும். இனக் குற்றத்தைக் கேட்டால் வேர், கிளை இரண்டையும் பார்க்க வேண்டும். பழம் யாருடையது என்று கேட்டால் கிளையைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பீச் வேரில் காய்த்த பாதாமைச் சட்டம் பாதாமாகவே எண்ணுகிறது. ஒரே மரத்துக்கு மூன்று கேள்வி, மூன்று இடத்திலிருந்து விடை.

கிரேக்கர்களிடம் இந்த நெகிழ்ச்சி இல்லை. அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃபிராஸ்டஸ், ஒட்டுக்குச்சி வேர்ச்செடியை மண்ணைப்போல் பயன்படுத்துகிறது, ஒட்டு என்பது ஒருவகை நடவே என்று எழுதினார். அழகான எண்ணம், கிளையைத் தனி உயிராகக் காப்பாற்றுகிறது. ஆனால் வேரின் உயிரை அது மறந்துவிடுகிறது. மண் கிளையைத் தள்ளிவிடாது, வேர் தள்ளிவிடும். கலிஃபோர்னியாவின் முதன்மைப் பாதாம் ரகமான நான்பரேலை மரியானா 2624 என்ற பிளம் வேரில் ஒட்டினால் ஒத்துப்போகாது என்பது அங்கே எல்லா நாற்றங்காலுக்கும் தெரியும். வேறு சில பாதாம் ரகங்களை அதே வேர் ஏற்றுக்கொள்கிறது. கிறிஸ்தவத் திருத்தூதர் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில் உவமை வேறு பக்கம் சாய்கிறது. காட்டு ஒலிவக் கிளையை நாட்டு ஒலிவ வேரில் ஒட்டுவதாக, வழக்கத்துக்கு மாறாக அமைத்து, அது இயல்புக்கு முரணானது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். வேர்தான் கிளையைத் தாங்குகிறது என்பது அங்கே அவர் கிளைக்குத் தரும் எச்சரிக்கை. தியோஃபிராஸ்டஸுக்கு எல்லாம் கிளை. பவுலுக்கு எல்லாம் வேர்.

இரண்டும் பாதி உண்மையே என்பதை வால்நட் மரம் காட்டிவிட்டது. கலிஃபோர்னியாவில் பாரசீக வால்நட்டைக் கறுப்பு வால்நட் வேரிலோ, தாவர வளர்ப்பாளர் லூதர் பர்பேங்க் பாரடாக்ஸ் என்று பெயரிட்ட கறுப்பு, பாரசீகக் கலப்பின வேரிலோ ஒட்டுவது வழக்கம். அந்தத் தோப்புகளில் ஒட்டு வாயைத் தேட வேண்டியதே இல்லை. கீழே கரடுமுரடான இருண்ட பட்டை. அதற்கு மேல், கோடு கிழித்தாற்போல், வெளிர்சாம்பல் நிற வழுவழுப்பான தண்டு. செர்ரி இலைச்சுருள் வைரஸ் மகரந்தத்தோடு வந்து பாரசீகக் கிளைக்குள் புகுகிறது. கிளை அதைத் தாங்கிக்கொள்கிறது. நோய்க்குறியே காட்டாமல் ஆண்டுக்கணக்கில் காய்க்கிறது. வைரஸ் கீழே இறங்கி ஒட்டு வாயைத் தொட்டதும் கறுப்பு வேரின் செல்கள் அதை ஏற்க மறுத்து, வழியை அடைக்கத் தாமே செத்துவிடுகின்றன. அந்த இடத்தில் பட்டையை உரித்துப் பார்த்தால் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் மெல்லிய கறுப்புக் கோடு. முதலில் ஒரு மூலையில் தொடங்கி, சில ஆண்டுகளில் தண்டைச் சுற்றி வளையமாகிறது. வளையம் முடிந்ததும் மேலிருந்து சர்க்கரை கீழே இறங்காது. வேர் பட்டினியில் சாகிறது, பிறகு மரம் சாகிறது. தன் வேரிலேயே நிற்கும் பாரசீக வால்நட் இந்த நோயால் மடிவதில்லை.

கறுப்புக் கோடு ஒரு தத்துவக் கேள்விக்கு உடலால் எழுதப்பட்ட விடை. முப்பது ஆண்டு ஒரே சாற்றைப் பகிர்ந்த பிறகும், எது நான், எது நான் அல்ல என்ற தீர்ப்பை வேர் தன்னிடமே வைத்திருந்தது. பகிர்வும் பொய்யல்ல. வேர் இல்லாமல் கிளைக்குத் தண்ணீர் இல்லை. கிளை இல்லாமல் வேருக்கு உணவு இல்லை. இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள உறவைச் சொல்லச் சைவ சித்தாந்தம் ஒன்றாதல், வேறாதல், உடனாதல் என்று மூன்றைப் பிரித்து வைத்திருக்கிறது. பொருள் முற்றிலும் வேறு என்றாலும் அந்தப் பாகுபாட்டைக் கடன் வாங்கிச் சொன்னால், ஒட்டு மரம் ஒன்றாதல் அல்ல, வெறும் வேறாதலும் அல்ல, உடனாதல். அந்த எல்லையிலும் சிறு கசிவு உண்டு என்று 2009இல் ஸ்டெகெமான், பாக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் புகையிலைச் செடிகளில் காட்டினார்கள்: ஒட்டு வாயில் தொட்டுக்கொண்டிருக்கும் செல்களுக்குள் பசுங்கணிக மரபுப்பொருள் ஒன்றிலிருந்து மற்றதற்குக் கடந்தது. ஆனால் அது ஒட்டு வாயோடு நின்றது. கிளையின் பழத்துக்கு ஏறவில்லை.

விருத்தாசலம் வட்டாரத்து முந்திரி ஒட்டில் இந்தக் கேள்விகள் எழுவதில்லை. அங்கே முந்திரிக் கொட்டையை முளைக்கவைத்த இளநாற்றின்மேல் முந்திரிக் குச்சியையே ஒட்டுகிறார்கள். வேரும் கிளையும் ஓரினம். கசப்புப் பாதாம் வேரில் இனிப்புப் பாதாம் நிற்பதும் அதே கணக்கு.

தெரியாமல் வாங்கிய பாதாம் பீச் வேரில் நிற்கிறது என்று பிறகு தெரியவந்தால் என்ன செய்வது? யோசேப் காரோ 16ஆம் நூற்றாண்டில் தொகுத்த ஷுல்கான் அருக் என்ற சட்டத் தொகுப்பு அத்தகைய மரத்தைத் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்கிறது. வேற்று மதத்தவரைக் கொண்டு ஒட்டுக்கட்டச் செய்வதையும் மைமோனிடிஸ் முன்பே தடுத்திருந்தார். அதே சட்டங்கள் பழத்தைத் தடுக்கவில்லை; ஒட்டியவனே கூட அதை உண்ணலாம். மரத்திலிருந்து ஒரு கொம்பை வெட்டி வேறிடத்தில் நடவும் அனுமதி உண்டு. குற்றம் இணைப்பில் இருந்தது. வெட்டியதும் இணைப்பு போயிற்று, கொம்பில் பீச் எதுவும் மிச்சமில்லை. பாதாம் கொம்பு மண்ணில் வேர் பிடிப்பது அரிது என்பதால், நடைமுறையில் அந்த அனுமதியின் பொருள் மறு ஒட்டு. பீச் வேரைத் தோண்டி எடுக்குமுன் அந்த மரத்தின் மொட்டுகளைச் சீவி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோய், கசப்புப் பாதாம் நாற்றுகளில் செருகிக் கட்டுகிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் காம்பு உதிர்ந்தால், ரகம் பிழைத்துக்கொண்டது.